கடன் வாங்கினால் பத்து

1933 ஜூலை 5, புதன்

பள்ளிக்கூடத்தில் இன்றும் சண்டை. சண்டை என்று சொல்வதே தப்பு. தலைமையாசிரியர் பேசினார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கஸ்தூரிரங்கன் ஐயங்காருக்கு எதிரே எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் மட்டும் வானத்திலிருந்து குதித்தவளா என்ன.

என் மூன்றாம் வகுப்புக்குள் வந்து, "கழித்தல் முடிஞ்சுதா?" என்றார். கடன் வாங்கிக் கழிப்பதை நேற்றுத்தான் ஆரம்பித்தேன் என்றேன். "நேத்து ஆரம்பிச்சா இன்னிக்கு முடிக்கறது. இதுக்குப் போய் ஒரு வாரமா?" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் புரிஞ்சுதோல்லியோ?"

நாற்பது தொண்டையும் சேர்ந்து, "புரிஞ்சுது சார்."

அவருக்கு அது போதும். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஏன் இவ்வளவு எரிகிறது? நானும் தினம் அதையேதானே கேட்கிறேன். அதே பதிலை வாங்கிக்கொண்டுதானே வீட்டுக்கு வருகிறேன்.

ஜூலை 6

இன்று "புரிஞ்சுதா" என்று கேட்கவே இல்லை. எல்லாரும் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்தில் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் மீதி எவ்வளவு? எழுதி முடித்ததும் நான் கை தட்டினேன். எல்லாச் சிலேட்டும் ஒன்றாக மேலே எழும்பின.

பாதிச் சிலேட்டில் நாற்பத்தைந்து.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நேற்று கத்திய அதே வாய்கள். பிரம்பை எடுக்கக் கைகூட நீண்டது. நல்லவேளை, எடுப்பதற்கு முன்னால் கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கங்கம்மாவைக் கேட்டேன். அவள் நொச்சிக்குப்பத்துப் பெண். போன வருஷம் பெயிலாகி இதே வகுப்பில் இரண்டாம் முறை உட்கார்ந்திருக்கிறாள். எப்படி நாற்பத்தைந்து வந்தது?

"ரெண்டுலேர்ந்து ஏழு போவாது டீச்சர். அதான் ஏழுலேர்ந்து ரெண்டைப் போவ வுட்டேன்."

சொன்னவள் முகத்தில் குற்றம் செய்த சாயலே இல்லை. போகாத இடத்தில் போக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அதே வழியைத்தான் மற்றப் பாதி வகுப்பும் கண்டுபிடித்திருக்கிறது. நான் இரண்டு நாளாகக் கரும்பலகையில் என்னதான் எழுதிக்கொண்டிருந்தேன்?

ஜூலை 10, திங்கள்

விளக்குமாற்றை உடைத்து ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு போனேன். வீட்டில் பெருக்க ஒன்றும் இல்லை என்று அண்ணன் மிக்கேல் கத்தினான். கத்தட்டும்.

ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி எடு என்றால் கை நின்றுவிடுகிறது. அப்போது ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்ந்து விழுந்ததும் சில முகங்கள் மலர்ந்தன. மறக்காமல் இருக்க ஒரு பாட்டும் கட்டிக் கொடுத்தேன்: "கட்டு அவிழ்ந்தால் பத்து, கடன் வாங்கினால் பத்து." கையைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். சிலேட்டைத் தூக்கச் சொன்னால் இப்போது நாலைந்து பேரிடம்தான் தப்பு. அவர்களை மட்டும் என் நாற்காலியைச் சுற்றி உட்கார வைத்து மறுபடி குச்சியை அவிழ்த்தேன். கங்கம்மா அந்த நாலைந்தில் இல்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மாதப் பரீட்சை. மார்க் வாரியாகப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைக்கிற திருவிழா. முதல் மார்க் முன் வரிசையில், கடைசி மார்க் கதவோரம். கதவோரத்திலிருந்து கரும்பலகை தெரியாது. தெரியாததால் அடுத்த மாதமும் கடைசி மார்க். இதைக் கண்டுபிடித்த மகானை ஒரு மாதம் அந்தக் கதவோரத்தில் உட்கார வைக்க வேண்டும்.

தினமும் சிலேட்டில் கேட்கிறீர்களே, அதற்கு மார்க் எங்கே என்று தலைமையாசிரியர் கேட்டார். மார்க் போடுவதில்லை, யாருக்கு எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து அன்றைக்கே சரிசெய்கிறேன், பிறகு அழித்துவிடுகிறார்கள் என்றேன்.

"மார்க் போடாத பரீட்சைக்கு யாரம்மா படிப்பா? கேக்க நன்னாத்தான் இருக்கு. சர்க்கார் கிராண்ட் கொடுக்கறவன் உங்க சிலேட்டையா பாப்பான்?"

பரீட்சையே இல்லை சார் அது, என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 5

கங்கம்மாவை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கேட்டால் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்வதாக இருக்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து சாந்தோம் கோயிலை விட்டு வெளியே வரும்போது கங்கம்மாவின் தாய் பச்சையம்மா வழிமறித்தாள். மீன்கூடை தலையில், சும்மாடு சரிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது. இறக்கி வைக்கவில்லை.

"வாத்தியாரம்மா, அது படிக்குதா இல்லியா, ஒரே வார்த்த சொல்லு. போன வருசம் மூணாங் கிளாஸு. இந்த வருசமும் மூணாங் கிளாஸு. அடுத்த வருசமும் அங்கியே குந்திக்கினு இருந்தா நான் வுட மாட்டேன். கூடை எடுத்துக்கினு என்கூட வரட்டும். எனக்கும் முட்டி போயிக்கினு கீது."

படிக்கிறாள், இந்த வருஷம் தேறிவிடுவாள், நான் பொறுப்பு என்றேன். யாரைக் கேட்டு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேனோ.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவன் ட்ராம் கண்டக்டர், எல்லாவற்றையும் ட்ராமாகத்தான் பார்ப்பான். "லஸ் முனை வந்து எல்லாரும் எறங்கினப்புறம் டிக்கெட் கேட்டா எவன் குடுப்பான்? வழியிலயே கேக்கணும். ஒங்க ஐயங்கார் முனையில நின்னுக்கினு கேக்கறாரு." நான் சிரித்துவிட்டேன். பிறகு, ஒரு கண்டக்டருக்குத் தெரிவது அவருக்குத் தெரியவில்லையே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

நவம்பர் 8

மழை. கூரை ஒழுகி ஈர்க்குச்சிக் கட்டெல்லாம் ஊறிவிட்டது. கங்கம்மா வரவில்லை. குப்பத்துப் பிள்ளைகள் யாருமே வரவில்லை. வராதவர்களுக்கு ஒரு நாளைக்கு ஓர் அடி என்று தலைமையாசிரியர் உத்தரவு. கடல் வீட்டுக்குள் வந்ததற்கும் இவர்களுக்கு அடியா?

1934 பிப்ரவரி 13

நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்பாக வந்து பாடம் நடத்தினார். இன்ன பாடம் என்று எழுதவே கை கூசுகிறது.

"நாளைக்கு அவர் என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவா வலது கை. தெரியாதவா இடது கை. வலது கையா பாத்து நான் எழுப்பி விடறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

இது ஒன்றுதான் இந்தப் பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே எல்லாருக்கும் ஒரே தரத்தில் புரிந்த பாடம். ஏழு மாதமாகத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்கி வைத்திருக்கிறேன். அதை அரை நிமிஷத்தில் மறைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் முன்னால் அவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நின்றேன். நின்றிருக்கக் கூடாது.

பிப்ரவரி 14, விபூதிப் புதன்

இந்தத் தபசு காலத்தில் கோபத்தை விடுவதாகச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு பள்ளிக்கூடம் போனேன். மத்தியான மணி அடிப்பதற்குள் விட்டது திரும்பி வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மனக்கணக்கு ஒன்று கேட்டார். நாற்பது கையும் எழும்பின. தலைமையாசிரியர் முகத்தில் பூரிப்பு. அவர் ஒரு பையனைக் கைகாட்டுவதற்குள் இன்ஸ்பெக்டரே, "நீ சொல்லம்மா" என்று முன்வரிசையைக் காட்டினார். கங்கம்மா. தூக்கியிருந்தது இடது கை.

எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியல சார்."

"தெரியலைன்னா கை ஏன் தூக்கினே?"

"தெரிஞ்சவங்க சோத்துக்கை, தெரியாதவங்க பீச்சாங்கை தூக்கணும் சார். எனக்கு நடுவுலதான் புரியல. பெரிய சார் சொன்னாரு, அதான் தூக்கினேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், எந்த நடுவில் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அந்த நடுவை விளக்கினார், அவள் பதில் சொன்னாள், அவர் "சபாஷ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். தலைமையாசிரியர் பின்னால் போனார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதானே சொல்லிக் கொடுத்தேள்?" இல்லை என்றேன். "இருபது வருஷத்துல எவனும் என்னை இப்படி நிக்க வச்சதில்லை. இந்த வருஷக் கடைசிப் பரீட்சை உங்க கிளாஸுக்கு நானே போடறேன். நானே திருத்தறேன். உங்க சிலேட்டு வித்தை என்ன சாதிச்சிருக்குன்னு பாத்துடலாம்."

பார்க்கலாம். நானும் பார்க்கத்தான் போகிறேன்.

மார்ச் 22

அளவைக் கணக்கு பாக்கி இருந்தது. ஆழாக்கு, படி, மரக்கால், எல்லாம். பரீட்சை தலைக்கு மேல் வந்துவிட்டதால் இரண்டு நாளில் ஓட்டி முடித்தேன். புரிஞ்சுதா என்றேன். புரிஞ்சுது என்றார்கள்.

ஏப்ரல் 20, வெள்ளி

பெயில்.

பட்டியலை வாசல் கதவில் ஒட்டியிருக்கிறார். என் வகுப்பில் ஆறு பேரைத் தள்ளியிருக்கிறார். கங்கம்மா மூன்று மார்க்கில் போயிருக்கிறாள். மூன்றே மார்க். விடைத்தாளைக் காட்டுங்கள் என்றேன். காட்ட வேண்டிய அவசியமில்லை என்றார். பழி வாங்குகிறார். வேறென்ன இது? ஒரு குழந்தை உண்மை சொன்னதற்குப் பழி.

ஏப்ரல் 22, ஞாயிறு

குப்பத்துக்குப் போனேன். கங்கம்மா வாசலில் தாயோடு உட்கார்ந்து வலைக் கிழிசலில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

பச்சையம்மாவிடம், இது அநியாயம், அவளுக்குக் கணக்கு வரும், அந்த மனுஷர் வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வரும்னு நீ சொல்ற. பெயிலுன்னு பள்ளிக்கூடம் சொல்லுது. நீயும் அந்தப் பள்ளிக்கூடந்தானே வாத்தியாரம்மா? சரி, அத்த வுடு. அதுக்கு இன்னா தெரியல, அதச் சொல்லு. தெரிஞ்சா நான் ஒரு முடிவுக்கு வருவேன்."

எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் முழுக்க அதே கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டவள் நான். எழுந்து வந்துவிட்டேன். மணலில் செருப்பு புதைந்தது, அதை உதைத்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 23

காலையில் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியாது, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், போய்விடுகிறேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பியூன் எட்டிப் பார்த்தான்.

"முப்பத்திரண்டு மார்க்."

எவ்வளவு என்று கேட்கவில்லை சார், என்ன என்று கேட்கிறேன்.

விடைத்தாள் கட்டைப் பிரித்து அவள் தாளை எடுத்தார். "மரக்கால் கணக்கு மூணும் தப்பு." எப்படித் தப்பு? "தப்புன்னா தப்பு." தாளை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். "பொண்ணை நாளைக்குக் கூட்டிண்டு வாங்கோ. உங்க கண் முன்னாலேயே கேக்கறேன். அதுக்கப்பறம் ஒரு பேச்சு வரக் கூடாது."

ஏப்ரல் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மாற்றி எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

காலி வகுப்பில் அவர், நான், கங்கம்மா. பச்சையம்மா மீன் விற்கப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மரக்கால் இரண்டு படி அரிசியில் ஒரு மரக்கால் ஐந்து படி எடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டார். கங்கம்மா பலப்பத்தை ஈரப்படுத்திக்கொண்டு சிலேட்டில் எழுதினாள். ஒரு மரக்கால் ஏழு படி.

அவர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். "பாத்தேளா" என்று என்னிடம் திரும்புவார், நானும் நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. சிலேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு எப்படி வந்தது?"

"ரெண்டுலேர்ந்து அஞ்சு போவாது சார். பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கினேன். பன்னெண்டு ஆச்சு. அஞ்சு போனா ஏழு."

"ஒரு மரக்காலுக்கு எத்தனை படி?"

"எட்டு சார்." யோசிக்கவே இல்லை.

"பின்னே பன்னெண்டு எங்கேர்ந்து வந்தது?"

கங்கம்மா என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. பிறகு சொன்னாள். "கடன் வாங்கினா பத்துன்னு டீச்சர் பாட்டு சொல்லிக் குடுத்தாங்க சார்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கம் உட்கார்ந்தார். "சரி, அழி. பத்து குச்சி கட்டினா பத்து. மரக்காலைச் சாய்ச்சா எத்தனை படி கொட்டும்?" "அய்யோ, எட்டு" என்றாள். எட்டும் இரண்டும் பத்து, அதில் ஐந்து போனால் ஐந்து. ஒரு மரக்கால் ஐந்து படி. ஆழாக்கு சேர்த்து இன்னொன்று கொடுத்தார். செய்தாள். என் கண்ணுக்கே கஷ்டமாகத் தெரிந்த ஒன்றைக் கொடுத்தார். பாதியில் நின்று, "இது எனக்குப் புரியல சார்" என்றாள். திட்டவில்லை. எந்த இடம் என்று கேட்டார். மேஜைமேல் அவருடைய காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

பட்டியலில் அவள் பெயரை அவரே திருத்தி எழுதினார். பச்சையம்மாவிடம், "பாஸ். போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். அவள் அவரைக் கும்பிட்டாள். என்னைக் கும்பிடவில்லை. ஏன் கும்பிட வேண்டும்?

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. என்மேல் கோபம், அது இருக்கட்டும், அது இனி என்னோடுதான் குடியிருக்கும். மார்ச் மாதத்தில் ஒரே ஒரு தரம் சிலேட்டைத் தூக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தூக்கச் சொல்லவில்லை. புரிஞ்சுதா என்று கேட்டுவிட்டு மணி பார்த்தவள் நான். ஆனால் அந்த மனுஷர்மேல் இருக்கிற கோபம் இன்றைக்கு இரட்டிப்பாகியிருக்கிறது. அவருக்குத் தெரியும். எப்படி வந்தது என்று கேட்கத் தெரியும். பக்கத்தில் உட்காரத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்த மனுஷர் இத்தனை வருஷம் பிரம்பைத் தூக்கிக்கொண்டு கதவோரத்தில் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாரே. தெரியாதவரை மன்னித்துவிடலாம். இவரை எப்படி மன்னிப்பது?

ஏப்ரல் 25

மீதி ஐந்து பேரின் தாளையும் கேட்டேன். எதிர்பார்த்ததுதான். எல்லாவற்றிலும் என் பாட்டு. பாஸானவர்களின் தாளிலும் அதே பாட்டு, அவர்கள் வேறு கணக்கில் தப்பித்திருக்கிறார்கள். ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி கேட்க வேண்டும் என்றேன். "லீவுல எனக்கு வேற ஜோலி இல்லையா?" என்றார். நாளை காலை வரச்சொல்லுங்கோ என்றும் சொன்னார்.

ஏப்ரல் 27

நாலு பேர் தேறினார்கள். ஒருவனுக்குக் கூட்டலே தடுமாறுகிறது. அவனை மூன்றாம் வகுப்பிலேயே வைப்பது என்று நாங்கள் இருவருமே சொன்னோம். நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

ஜூன் 18, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. எனக்கு இந்த வருஷம் முதல் வகுப்பு. அறுபது பொடிசுகள். தண்டனை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். நாலாம் வகுப்பை அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். கங்கம்மா அங்கே இரண்டாவது வரிசையில்.

அண்ணன் கேட்கிறான், இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு கீறே என்று. அறுபது பேர் அண்ணா, அறுபது பேர்.

ஜூன் 21, வியாழன்

ஒன்று அழுகிறது, அதைப் பார்த்து இன்னொன்று அழுகிறது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர். என் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் அவர் வகுத்தல் எடுத்துக்கொண்டிருந்தார். வேகமாக எடுத்தார். முடித்ததும் பழைய குரலில், "எல்லாருக்கும் புரிஞ்சுதோல்லியோ?"

"புரிஞ்சுது சார்."

எனக்குத் திரும்பவும் உச்சி முதல் எரிந்தது. இந்த மனுஷர் மாறவே மாட்டார். தட்டியை ஓங்கி ஓர் உதை விடலாம்போல் இருந்தது. அழுதுகொண்டிருந்த ஒன்றைக் கைக்குழந்தைபோலத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அவர் வாசல்வரை போய்த் திரும்புகிற காலடி கேட்டது. பிறகு எரிச்சலோடு, யாரோ அவரைக் கட்டாயப்படுத்துகிற மாதிரி, "சிலேட்டைத் தூக்குங்கோ" என்றார். நாற்பது சிலேட்டு எழும்புகிற சத்தம். பிரம்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"எந்த இடத்துல புரியல்லே? பயப்படாதே, சொல்லு."

கங்கம்மா சொல்லுவாள் என்று நினைத்தேன். சொன்னது அவள் இல்லை. எப்போதும் முன்வரிசையில் உட்கார்கிற, முதல் மார்க் வாங்குகிற அந்தப் பையன்.

"மொதல்லேர்ந்தே சார்."

இடுப்பிலிருந்தது அழுவதை நிறுத்திவிட்டது. அந்தப் பக்கம் கரும்பலகையை அழிக்கிற சத்தம் கேட்டது.